பொடிசு பறந்து முப்பத்தொன்பது நாள்

உள்ள வாங்க டீச்சர். செருப்பைக் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. கழட்டினீங்கன்னா காலெல்லாம் மண்ணாயிரும். தரையைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதீங்க. இந்த வீட்டைக் கூட்டி இன்னியோட முப்பத்தொம்பது நாளாச்சு. சோம்பேறித்தனம் இல்லை. கூட்ட ஆள் இல்லாமலும் இல்லை, எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. வாரியல் அந்தா, கதவுக்குப் பின்னால நிக்குது. தொடாம வச்சிருக்கேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, சொல்லுதேன், உக்காருங்க.

அந்த நாற்காலி வேண்டாம், அதுல தூசி. இதுல உக்காருங்க. இது நான் உக்கார்றது, துணியை வச்சுத் தொடச்சிருக்கேன். தொடைக்கலாம். கூட்டத்தான் கூடாது.

மூணு தடவை வந்து நின்னீங்க. மூணு தடவையும் வாசல்ல வச்சே திருப்பி அனுப்பிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த வேண்டியவங்க தலையில இந்த வாக்காளர் பட்டியல் வேலையைக் கட்டிவிட்டுட்டாங்க, நீங்களும் வெயில்ல தெருத்தெருவா அலையுதீங்க. எனக்குத் தெரியாததா? நான் கோர்ட்டுல அமீனாவா இருந்தவன். முப்பத்தோரு வருஷம் சம்மனைத் தூக்கிக்கிட்டு இந்தத் தென்காசியில நான் ஏறாத படி கிடையாது. என்னைத் தெருமுனையில பார்த்தாலே கதவைச் சாத்துவாங்க. உள்ள தாளிக்கிற வாசனை வரும். ஆம்பளை இருமுற சத்தம் கேக்கும். ஆனா வீட்டுக்காரம்மா கதவைக் கால்வாசி திறந்து, "அவுக ஊர்ல இல்லையே"ன்னு சொல்லும். நான் மூணு தடவை போவேன். மூணாவது தடவையும் வாங்கலைன்னா பசையைத் தடவிக் கதவுல ஒட்டிட்டு வந்துருவேன். ஒட்டிட்டா கையில குடுத்த மாதிரிதான். நாலாவது தடவை ஒரு வீட்டுக்குப் போனதா என் சர்வீஸ்லேயே கிடையாது. நீங்க நாலாவது தடவை வந்திருக்கீங்க. அதனாலதான் உள்ள கூப்பிட்டேன்.

பேரு உலகம்மை. தகப்பன் பேரு ஆவுடையப்பன். வயசு இருபத்தொம்பது. அந்தப் பேரை இந்தத் தெரு பட்டியல்ல இருந்து எடுக்கணும், மகள் இந்த வீட்டுல இல்லைன்னு நான் ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான? தெரியும். காகிதத்தை இப்ப வெளிய எடுக்காதீங்க. பைக்குள்ளேயே இருக்கட்டும். காகிதத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது.

இந்தக் கம்ப்யூட்டரைப் பாருங்க. என்ன தெரியுது? ஆமா, சுள்ளியா அடுக்கியிருக்கு. கூடுதான். படம் இல்லை டீச்சர், நேரலை. அந்தக் குச்சி ஆடுது பாருங்க, இப்ப இந்த நிமிஷம் அங்க காத்து அடிக்குது. பின்லாந்துல ஒரு ஏரிக்கரை, அதுல ஒரு பைன் மரம், அந்த மரத்து உச்சியில இருக்கிற கூடு. மேல ஒரு கேமராவைக் கட்டி வச்சிருக்காங்க. விரால் அடிப்பான்னு ஒரு பறவை. பருந்து சாதி, ஆனா மீனைத் தவிர வேற எதையும் தொடாது. நாங்க சைவம். எதிர்வீட்டுல கருவாடு சுட்டாலே காந்திமதி சன்னலைச் சாத்துவா. காந்திமதின்னா என் வீட்டுக்காரி, அவ போயி பதினாலு வருஷமாச்சு. அவ சன்னலைச் சாத்தின இதே வீட்டுல உக்காந்து, ஏப்ரல் மாசத்துல இருந்து தினம் காப்பியைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு பருந்து மீனைக் கிழிக்கிறதைப் பாக்கேன்.

கம்ப்யூட்டர் என்னது இல்லை. உலகம்மையோடது. அவ போனப்புறம் போர்வையைப் போட்டு மூடிட்டேன். ரெண்டரை வருஷம் அப்படியே கெடந்துச்சு. இந்த ஏப்ரல்ல போர்வையைத் துவைக்கலாம்னு எடுத்தவன், சும்மா சுவிட்சைப் போட்டேன். அவ கடைசியாப் பார்த்த பக்கம் அப்படியே வந்து நின்னுச்சு. இன்டர்நெட்டா? அதை நான் நிறுத்தவே இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு இன்டர்நெட் எதுக்குன்னு கேக்காதீங்க. நிறுத்தணும்னு தோணலை.

காலேஜ்ல படிக்கும்போதே இதைத்தான் பார்ப்பா. பேங்க் பரீட்சைக்குப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தா, புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டு கண்ணு கூட்டுல இருக்கும். "ஏட்டி, அடுத்த வீட்டுக் குடித்தனத்தை எட்டிப் பாக்கிறதுதான் தப்புன்னு நெனைச்சேன், நீ பருந்து குடித்தனத்தையே எட்டிப் பாக்கியே"ன்னு திட்டுவேன். "அப்பா, ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க"ன்னு சொல்லுவா. உக்காந்தேனா? இல்லை. எனக்கு அப்ப வேலை இருந்துச்சு. என்ன வேலைன்னு இப்ப யோசிச்சா ஞாபகம் வரலை.

இப்ப உக்காந்தேன். விடியக்காலத்துல தகப்பன் போயி மீனைப் பிடிக்கும். வேற கிளையில உக்காந்து தான் தலைப்பக்கத்தை மட்டும் தின்னுட்டு, மிச்சத்தை அப்படியே கொண்டாந்து கூட்டுல போடும். அம்மாக்காரி அதைச் சின்னச் சின்னதாக் கிள்ளி ஊட்டுவா. மூணு குஞ்சு. பெருசு ரெண்டும் முண்டியடிச்சுத் திங்கும். மூணாவது ஒண்ணு, எலும்பும் தோலுமா, மத்தது தின்னு முடிச்சு மிச்சம் இருந்தா வாயைத் திறக்கும். இது தேறாதுன்னு நான் நெனைச்சேன். நான் மட்டும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க.

எழுதுறதுன்னா, இந்தா ஓரத்துல பாருங்க. பாக்கிறவங்க அவங்கவங்களுக்குத் தோணுறதை இங்ஙன எழுதுவாங்க. எல்லாருக்கும் புனைபேரு, பக்கத்துல ஊர் பேரு. எந்தெந்த தேசத்து ஆளோ. கோர்ட்டு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்லா, எல்லாத்தையும் வாசிச்சிருவேன். மேல ஒரு நம்பர் இருக்கும், இத்தனை பேரு இப்ப பாக்காங்கன்னு. ஜூன் மாசத்துல நானூத்திப் பன்னெண்டு காட்டுச்சு. அந்த நானூத்திப் பன்னெண்டுல நான் ஒருத்தன்னு நெனைக்கும்போது, ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஒருத்தருக்கும் நம்மளைத் தெரியாது, ஆனாலும் தனியா இல்லை.

அதுல 'உள்ளான்'னு ஒரு ஆளு. உள்ளான்னா கடற்கரையில ஓடுமே, அந்தக் குருவி. ஊரு ஜாம்நகர், குஜராத்னு போட்டிருந்துச்சு. அந்த ஆளுதான் மூணாவது குஞ்சுக்குப் பேரு வச்சது. 'பொடிசு'ன்னு. இங்கிலீஷ் எழுத்துலதான், ஆனா பொடிசு. அது என்ன பேருன்னு ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டுச்சு. "எங்க வீட்டுல சின்னப்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவாங்க"ன்னு உள்ளான் எழுதுச்சு. அவ்வளவுதான், ஒரு வாரத்துல அத்தனை தேசத்து ஆளும் பொடிசு பொடிசுன்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. பொடிசு இன்னைக்கு ரெண்டு வாய் தின்னுச்சு. பொடிசு றெக்கையை விரிச்சுச்சு. மழையில பொடிசு நனையுதே. எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

என்ன பாக்கீங்க? அது உலகம்மைன்னு நான் சொன்னேனா? பொடிசுன்னு யாரு வேணாலும் யாரையும் கூப்பிடலாம். எங்க பிள்ளை எட்டு மாசத்துல பிறந்து ஒரு முறத்துக்குள்ள அடங்குற மாதிரி இருந்தா, அதனால நானும் காந்திமதியும் அப்படிக் கூப்பிட்டோம். தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல பொடிசு இருக்கும். ஜாம்நகர்ல எத்தனை தமிழ் ஆளு இருக்கும். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுல இருந்தவன், சாட்சி இல்லாம ஒண்ணை ஒத்துக்கிட மாட்டேன்.

ஆகஸ்ட் பாதியில அம்மாக்காரி கிளம்பிட்டா. குஞ்சுக இன்னும் முழுசாத் தன் கையால மீன் பிடிக்கப் பழகலை, அதுக்குள்ள ஒரு நாள் காலையில எந்திரிச்சு அவ பாட்டுக்குப் போயிட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. என்ன பொம்பளை இவ, மூணையும் ஒத்த ஆம்பளை தலையில போட்டுட்டுப் போறாளேன்னு இந்தத் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். எதிர்வீட்டுச் செண்பகம் ஓடி வந்துட்டா. "யாரை அண்ணாச்சி வைதீங்க?"ன்னு கேட்டா. என்னத்தைச் சொல்ல? பருந்தைன்னா சொல்ல முடியும்? அந்தப் பறவைகள்ல அதுதான் வழக்கமாம், முதல்ல தாய் போகுமாம். அப்புறம் ராத்திரி படுத்து யோசிச்சேன். நான் வைதது பருந்தை இல்லை டீச்சர். உலகம்மைக்குப் பதினஞ்சு வயசு அப்ப. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன காந்திமதி திரும்பி வரலை. பதினாலு வருஷமா அவ மேல எனக்கு ஒரு கோவம் இருந்திருக்கு, அது எனக்கே தெரியாது.

அப்புறம் எல்லாம் தகப்பன்தான். கொண்டாருவான், போடுவான், போவான். ஒரு கொஞ்சல் கிடையாது. மீனைப் போட்டுட்டு ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பான், அவ்வளவுதான். அவனைப் பார்த்தா எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மூத்தது போச்சு, அடுத்ததும் போச்சு. யாரும் வழி சொல்லிக் குடுக்கிறது இல்லை, கூட யாரும் போறதும் இல்லை. அதுக பாட்டுக்குத் தன்னந்தனியா ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். நம்ம குளத்துக்கு மார்கழியில வர்ற விரால் அடிப்பான் வேற தேசத்துதாம், அதையும் கேட்டு வச்சுக்கிட்டேன். பொடிசு மட்டும் ஒன்பது நாள் தனியாக் கூட்டுல கெடந்துச்சு. தகப்பன் அதுக்கு மட்டும் கொண்டாந்து போட்டான். நானும் போயிராத, போயிராதன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு. காலையில ஒரு பத்து மணி இருக்கும், நம்ம நேரத்துக்கு. பொடிசு கூட்டு ஓரத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு தடவை குனிஞ்சுச்சு. போயிருச்சு. சும்மா ஏரியை ஒரு சுத்து சுத்தப் போயிருக்கும்னுதான் நெனைச்சேன். கொஞ்ச நேரத்துல தகப்பன் மீனோட வந்தான். பெரிய மீனு, இன்னும் வாலை அடிக்குது. கூட்டுல நின்னு கூப்பிட்டான். அது வரலை. திரும்பக் கூப்பிட்டான். மீனைக் காலுக்கு அடியில வச்சு மிதிச்சுக்கிட்டு, அதைத் திங்காம, சாயங்காலம் வரைக்கும் அங்ஙனயே நின்னான். அழுதேன் டீச்சர். அறுபத்தாறு வயசுல, ஒரு பருந்துக்காக, இந்த நாற்காலியில உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

அப்பத்தான் உள்ளான் எழுதினா.

எழுதுச்சு. சரி, பொம்பளைப் பிள்ளைன்னே வச்சுக்கிடுங்க. எழுதினது என்னன்னா, "எங்க ஊர்ல யாராவது வீட்டை விட்டுக் கிளம்பிப் போனா, அவங்க நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்த சேதி வர்ற வரைக்கும் வீட்டைக் கூட்ட மாட்டாங்க. பொடிசு போய்ச் சேர்ற வரைக்கும் தயவுசெய்து யாரும் கூட்டாதீங்க."

வெள்ளைக்காரங்களுக்கு ஒண்ணும் விளங்கலை. ஒருத்தர் சிரிப்புப் பொம்மை போட்டாரு. ஒருத்தர், கூட்டுனா என்ன ஆகும்னு கேட்டாரு. அதுக்கு உள்ளான் பதில் எழுதலை. நான் வாரியலைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு அதுவரைக்கும் கூட்டலை, கூட்டலாம்னு எடுத்தவன் இங்க வந்து நின்னுட்டேன். அந்த வரியை வாசிச்சிட்டு வாரியலைக் கதவுக்குப் பின்னால கொண்டு வச்சவன்தான். செண்பகம் ரெண்டு தடவை வந்துட்டா, "அண்ணாச்சி, நான் ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போறேன்"ன்னு. உள்ளயே விடலை.

கூட்டுனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்லா? உங்க வீட்டுலயும் அந்தப் பழக்கம் இருக்கும். போனவங்களை வெளிய தள்ளின மாதிரி. இனி வர வேண்டாம்னு சொன்ன மாதிரி.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பொடிசு போன இதே ஆவணி மாசம். அவளுக்கு நான் ஒரு மாப்பிள்ளை பேசி வச்சிருந்தேன். தாலுகா ஆபீஸ்ல வேலை, நல்ல குடும்பம். அவ பறவைக் கணக்கெடுப்புல வேலை கெடச்சிருக்கு, குஜராத்துல கடற்கரையில இருந்து செய்யணும்னு நிக்கா. குருவி எண்ணுறதுக்கு ஒரு சம்பளமான்னு கேட்டேன். எந்த ஊருன்னுகூட நான் கேக்கலை. அவ சொல்ல வந்தா, "சொல்லாத, எனக்குத் தெரிய வேண்டாம்"னு காதைப் பொத்திக்கிட்டேன். கிளம்புற அன்னைக்கு வாசல்ல ஆட்டோ நிக்குது. "போயிட்டு வாரேம்ப்பா"ன்னா. நான் வாசிச்சுக்கிட்டு இருந்த பேப்பரை மடிக்கலை. ஆட்டோ போற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வாரியலை எடுத்தேன்.

ஆமா டீச்சர். கூட்டினேன். நல்லாத் தெரிஞ்சேதான் கூட்டினேன். எனக்கு அந்தப் பழக்கம் தெரியாதா? என் அம்மா ஊருக்குப் போனா ரெண்டு நாள் குப்பையோட கெடந்த வீடு இது. அவ்வளவு கோவம் எனக்கு. உள் ரூம்ல இருந்து கூட்டிக்கிட்டே வந்து, வாசப்படிகிட்ட குப்பையைச் சேர்த்துட்டு நிமிர்ந்து பாக்கேன். உலகம்மை நிக்கா.

பைனாகுலரை மறந்து வச்சிட்டுப் போயிருக்கா. ஆட்டோவைத் திருப்பிக்கிட்டு வந்திருக்கா. என் கையில வாரியலு. அவ அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அந்தக் குப்பையை மிதிக்காமத் தாண்டி உள்ள போனா, அதை எடுத்தா, திரும்பவும் தாண்டி வெளிய போனா. ரெண்டாவது தடவை போயிட்டு வாரேன்னு சொல்லலை.

போன் பண்ணலையான்னா, பண்ணினா. அந்த வாரத்துலேயே பண்ணினா. நான் எடுக்கலை. அடுத்த வாரம், அதுக்கு அடுத்த மாசம். மொத்தம் மூணு தடவை. நாலாவது தடவை பண்ணுவா, அப்ப எடுக்கலாம்னு இருந்தேன். பண்ணலை. பெத்த தகப்பனுக்கு நாலாவது தடவை ஒரு போன் பண்ணக் கூடாதா? அமீனா மகள்லா, மூணு தடவையோட நிறுத்திட்டா. நீ பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிப் பண்ண? அவ பழைய நம்பர் இப்ப வேற யாருகிட்டயோ இருக்கு, ஒரு நாள் அடிச்சுப் பார்த்தேன், இந்தியில பேசுனாங்க. என் நம்பரை மட்டும் நான் மாத்தவே இல்லை. அந்தா, பிரிட்ஜ் மேல இருக்கு பாருங்க, பட்டன் தேஞ்சு போச்சு. செண்பகம் மகன் புதுசு வாங்கித் தாரேன்னான். வேண்டாம்னுட்டேன். நம்பர் மாறிட்டா அவளுக்குத் தெரியாமப் போயிரும்லா.

இப்ப விஷயத்துக்கு வாரேன். நீங்க முதல் தடவை வந்து, பேரை எடுத்துரலாமான்னு கேட்டப்ப நான் கதவைச் சாத்தினேன்லா, ஏன்னு சொல்லுதேன். இந்தப் பறவைக் குஞ்சு முதல் தடவை தெற்கே போச்சுன்னா அடுத்த வருஷம் திரும்பாது. ரெண்டு வருஷம் அங்கேயே இருந்துரும். மூணாவது வருஷம்தான் பிறந்த ஏரிக்குத் திரும்பி வரும், எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. காலுல ஒரு வளையம், அதுல ஒரு நம்பர். வரலைன்னாலும் அவங்க பேரேட்டுல அதை அடிக்கிறது இல்லை. இந்த வருஷம் கண்ணுல படலைன்னு மட்டும் எழுதுவாங்க. பருந்துக்கே அவ்வளவு மரியாதை இருக்கு. உலகம்மைக்கு இது மூணாவது வருஷம் டீச்சர். மூணாவது வருஷத்துல வந்து பேரை அடிக்கணும்னு நின்னா நான் என்ன செய்வேன்?

ஆனா ஒரு சங்கடம் இருக்கு. பொடிசு போய்ச் சேர்ந்துச்சுன்னு யாரு வந்து சொல்லுவா? முப்பது நாளுங்காங்க, நாப்பத்தஞ்சு நாளுங்காங்க. ஒரு லெட்டர் வருமா, ஒரு போன் வருமா? இந்த வாரியலை நான் எப்பத்தான் எடுக்க? தகப்பனும் செப்டம்பர் பத்துல போயிட்டான். இந்தக் கூட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. கேமராவையும் இன்னைக்கு நம்ம ஆறு மணிக்கு நிறுத்துதாங்களாம், இனி ஏப்ரல்லதான். ஓரத்துல எழுதுறதும் அதோட சரி. இப்ப மணி என்ன? அஞ்சே முக்காலா?

அந்த நம்பரைப் பாருங்க டீச்சர். நானூத்திப் பன்னெண்டு இருந்ததுலா. போன வாரம் பதினொண்ணு. நேத்து நாலு. இப்ப எவ்வளவு போட்டிருக்கு?

ரெண்டு. காலையில இருந்து ரெண்டுதான். ஒண்ணு நான். ஆளில்லாத கூட்டைக் காலையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்கிற இன்னொரு ஆளு யாரு?

சரி. அந்தக் காகிதத்தை எடுங்க. வேண்டாம், என் கையில தராதீங்க. நீங்களே வாசிங்க. அவளாக் கேட்டுத்தான இந்தப் பேரை மாத்துறாங்க? அங்க பேரு சேர்க்கச் சொல்லி அவ எழுதிக் குடுத்த விலாசம் அதுல இருக்கும். எனக்குக் கதவு நம்பர் வேண்டாம், தெரு வேண்டாம். ஊர் பேரு மட்டும் சொல்லுங்க.

இன்னொரு தடவை சொல்லுங்க.

ஜாம்நகர்.

...இல்லை, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன். நாலு மாசமா அந்தக் காகிதம் உங்க பையில இருந்திருக்கு. நாலு மாசமா நான் கதவைச் சாத்திக்கிட்டு, உள்ள இருந்துக்கிட்டே ஊர்ல இல்லைன்னு சொன்னவங்களை மாதிரி இருந்திருக்கேன். எத்தனை பேரைக் கேவலமாப் பார்த்திருப்பேன் இதுக்கு.

குடுங்க, கையெழுத்துப் போடுதேன். எங்க, இங்ஙனயா? அடிச்சிருங்க டீச்சர், இங்க உள்ள பேரை அடிச்சிருங்க. அவ ஒரு ஊர்ல நல்லபடியா இருக்கா. அங்க அவளுக்கு ஒரு வீடு இருக்கு, ஒரு தெரு இருக்கு, ஓட்டுப் போட ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. மூணு வருஷமா எனக்கு வராத சேதியை நீங்க கொண்டாந்து குடுத்திருக்கீங்க.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் அந்த எழுத்துக் கட்டைகிட்ட வரணும். டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணினவன் நான், தமிழும் இங்கிலீஷும். இத்தனை மாசத்துல இந்த ஓரத்துல ஒரு எழுத்து தட்டினது இல்லை. என்னன்னு எழுதுறது? எப்படி இருக்கேன்னா? என்னை மன்னிச்சிருன்னா? நானூறு பேரு பாக்கிற இடத்துல தகப்பன் மகள்கிட்ட என்னத்தை எழுதுவான்? இப்ப ரெண்டு பேருதான் இருக்கோம். நீங்க பார்த்தாப் பரவாயில்லை.

"தென்காசி. இங்கேயும் கூட்டவில்லை. முப்பத்தொன்பது நாள்."

சம்மன்ல எழுதுற மாதிரி இருக்குல்லா? எனக்கு அப்படித்தான் எழுத வரும். பேரு போடலை. தென்காசின்னு போட்டிருக்கேன், அது போதும். போதும்தான டீச்சர்? அனுப்பிட்டேன். அந்தா மேல ஏறி நிக்குது பாருங்க.

ஒண்ணும் வரலையே. அவ வேற எங்கேயாவது இருப்பா. காப்பி போடப் போயிருப்பா. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சிட்டு வெளிய போயிருக்கலாம், எத்தனையோ இருக்கு. அவளாவே இல்லாமலும் இருக்கலாம்.

இல்லை டீச்சர், நீங்க கிளம்புங்க, நேரமாச்சு. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் மட்டும் பண்ணுங்க, அதுவரைக்கும் நான் வாரியலைத் தொட மாட்டேன். இருங்க. இருங்க, அந்த நம்பரைப் பாருங்க. ஒண்ணுன்னு ஆயிருச்சு. ரெண்டு இருந்துச்சுல்லா, ஒண்ணு ஆயிருச்சு. போயிட்டா. வாசிச்சிட்டு மூடிட்டுப் போயிட்டா. சரிதான். நான் செஞ்சதுக்கு அவ செய்யுதது ஒண்ணும் அதிகம் இல்லை. பேப்பரை மடிச்சிட்டு ஒரு வார்த்தை, சரி போயிட்டு வான்னு சொல்லியிருந்தா...

அது என்ன சத்தம்? பிரிட்ஜ் மேலயா?

செண்பகமா இருக்கும். இந்த நேரத்துக்கு அவதான் அடிப்பா, சோத்துக்கு என்ன வச்சீங்கன்னு. புது நம்பரா? பேரு வரலையா? எத்தனை அடி அடிச்சிருக்கு, நின்னுருமா?

நீங்க எடுக்காதீங்க டீச்சர். வைங்க. நான் எடுக்கேன்.